பியாத்தோவும் லக்னோவின் எலும்புகளும்

1848 ஆம் ஆண்டு மாத்தளையில் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி விரைவில் அடக்கப்பட்டது. ஓகஸ்ட் 8 ஆம் நாள் வீர புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்களத்தைக் காட்டும் புகைப்படம் எதுவும் நமக்குக் கிடைத்திலது. ஒன்பது ஆண்டுகள் கழித்து இந்தியாவில் மூண்ட பெருங்கிளர்ச்சியோ புகைப்படமாகிக் கடல் கடந்து சென்றது. அப்படங்களாற் பெயர் பெற்றவர் பெலிச்சே பியாத்தோ.

1832 இல் வெனிசிற் பிறந்த பியாத்தோ, தம் சகோதரியின் கணவரான ஜேம்ஸ் றொபேட்சனுடன் இத்தொழிலில் ஈடுபட்டு, 1855 இற் கிரிமியப் போர்க்களத்தைக் கண்டார். அக்காலத்திற் கண்ணாடித் தட்டில் மருந்து பூசிப் படமெடுத்துக் கழுவுதல் வேண்டும். ஓடும் குதிரையும் பாயும் வீரனும் அதிற் செவ்வனே பதியமாட்டா. ஆகவே போர் ஓய்ந்தபின் எஞ்சிக் கிடந்தவையே படப்பிடிப்பாளருக்கு வாய்த்தன.

1858 இல் அவர் லக்னோவை அடைந்தார். அங்கே சிக்கந்தர் பாக் என்னும் மாளிகையில் முந்திய நவம்பர் மாதத்தில் ஏறத்தாழ 2000 சிப்பாய்கள் கொல்லப்பட்டிருந்தனர். இடிந்த மாளிகை முன்றிலில் மண்டையோடுகளும் எலும்புகளும் சிதறிக்கிடக்க, ஒரு குதிரையுடன் சிலர் நிற்பதை அவர் படத்திற் காண்கின்றோம். படம் எடுப்பதற்காகவே அவ்வெலும்புகளை வெளிப்படுத்துமாறு பியாத்தோ வற்புறுத்தினாரென, அந்நாளில் லக்னோவில் அதிகாரியாயிருந்த ஜோர்ஜ் கம்பெல் தம் நினைவு நூலிற் குறித்துள்ளார். படுகொலை மெய், எலும்புகளும் மெய், அவை கிடந்த கிடைதான் மெய்யன்று. ஒரு கோடும் அழிக்காமல், ஒரு நிழலும் சேர்க்காமல், படம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. மாண்டோர் சாட்சிகளாக அன்றி, வென்றவரின் பழிதீர்ப்பைப் பறைசாற்றும் காட்சிப் பொருள்களாயினர்.

1860 இற் சீனத்தின் தாக்கு கோட்டை வீழ்ந்தபோதும், தாம் படமெடுத்து முடியும்வரை பிணங்களை அகற்றலாகாதென அவர் வேண்டியதாக ஒரு படை மருத்துவர் எழுதியுள்ளார். பின்னர் ஜப்பானில் யொக்கொஹாமாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, வண்ணம் தீட்டிய படங்களாற் புகழும் பொருளும் ஈட்டினார். வாணிகச் சூதிற் பொருளை இழந்தார். முதுமையிற் பர்மாவிலே கலைப்பொருள் வாணிகம் நடத்தினார். அவர் 1909 இற் புளோரன்சில் இறந்தார் என்பது ஒரு நூற்றாண்டு கழித்தே, மரணச் சான்றிதழ் கிடைத்தபின், துணிபாயிற்று.

பியாத்தோவை மட்டும் குறைகூறி அமைதல் எளிது. அவர் காலத்திற் செய்திப் படத்துக்கென வகுத்த நெறி எதுவும் இருந்ததில்லை. அவர் படங்கள் இன்றேல் சிக்கந்தர் பாக்கின் கொடுமையை நாம் கண்ணாற் கண்டிருக்கவும் மாட்டோம். ஆயினும், 2012 இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150 க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டபோது நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தல் தகும். அவை எக்காலத்தன என்பதே பெருவழக்காயிற்று. அத்தகைய வழக்கில், எலும்பு கிடந்த ஆழமும் கிடந்த முறையுமே இறந்தவரின் வாக்குமூலம். அதனை ஒரு சாண் நகர்த்துபவன், படம் எத்துணை அழகியதாயினும், அவ்வாக்குமூலத்தைத் திருத்தியவனே ஆவான்.