கூழ்மத்தின் தந்தை தாமஸ் கிரகாம்

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் புதிய பள்ளிக் காலணி வாங்கினால், பெட்டிக்குள் ஒரு சிறிய வெள்ளைப் பொட்டலம் இருப்பதைக் காணலாம். அதிலுள்ள மணிகள் ஈரத்தை உறிஞ்சிக் காலணியில் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கின்றன. அவற்றிற்குச் சிலிக்கா ஜெல் என்று பெயர். கிள்ளானில் சிறுநீரகம் பழுதுபட்ட பலர் வாரந்தோறும் டயாலிசிஸ் சிகிச்சைக்குச் செல்கின்றனர். காலணிப் பெட்டிக்கும் அந்தச் சிகிச்சைக்கும் தொடர்பு உண்டா? உண்டு. இரண்டின் வேரும் தாமஸ் கிரகாம் என்ற வேதியியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது.

கிரகாம் 1805ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். மகன் சமய போதகராக வேண்டும் என்று தந்தை விரும்பினார். மகனின் மனமோ வேதியியலில் ஊன்றியது. சினங்கொண்ட தந்தை பண உதவியை நிறுத்திவிட்டார். தாயின் அன்பே கிரகாமுக்குத் துணைநின்றது. பாடம் கற்பித்தும் கட்டுரை எழுதியும் அவர் வாழ்க்கையை நடத்தினார். எழுத்தால் கிடைத்த முதல் வருமானமான ஆறு பவுனில் தாய்க்கும் சகோதரிக்கும் பரிசுகள் வாங்கினார்.

1830இல் கிளாஸ்கோவிலும் 1837இல் இலண்டனிலும் பேராசிரியரானார். இலேசான வாயு விரைவாகவும் கனமான வாயு மெதுவாகவும் பரவும் என்பதைக் கணக்கிட்டு விதி வகுத்தார். 1855இல் அரசு நாணயச்சாலையின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. பொறுப்புகள் பெருகியபோதும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை.

உப்பும் சர்க்கரையும் எளிதில் படிகமாகும். கோந்து போன்ற பசைப்பொருள்கள் அவ்வாறு ஆவதில்லை. அவற்றைத் தூய்மைப்படுத்துவதும் கடினம். கிரகாம் அந்தப் பசைப்பொருள்களையே ஆராய்ந்தார். வளையத்தில் பார்ச்மெண்ட் தாளை இழுத்துக் கட்டி, அடித்தட்டாக அமைத்தார். சோடியம் சிலிக்கேட் கரைசலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் கலந்து அதில் ஊற்றி, நீர் நிறைந்த பாத்திரத்தில் மிதக்கவிட்டார். உப்பும் அமிலமும் தாளின் நுண்துளைகள் வழியே வெளியேறின. சிலிக்கா மட்டும் உள்ளே தங்கியது. இம்முறைக்கு அவர் டயாலிசிஸ் என்று பெயரிட்டார். சிறுநீரிலிருந்து யூரியாவையும் இவ்வாறே பிரித்தார். இந்த ஆய்வுகளை 1861இல் வெளியிட்டபோது, பசைபோன்ற பொருள்களைக் கூழ்மங்கள் என வகைப்படுத்தினார்.

உள்ளே தங்கிய நீர்மம் தெளிவாகவே இருந்தது. ஆனால், அதில் கண்ணுக்குப் புலப்படாத சிலிக்கா துகள்கள் மிதந்தன. நாள் செல்லச் செல்ல அவை ஒன்றோடொன்று கைகோத்து, நீரைத் தம்முள் அடக்கிய வலைபோல் இறுகின. தீபாவளிக்குச் செய்யும் அகார் அகார் ஆறியதும் உறைவதைப் போன்றது இது. ஆனால், அகார் அகாரைச் சூடாக்கினால் மீண்டும் உருகும், சிலிக்கா உருகாது. பத்து விழுக்காட்டுச் சிலிக்கா சில மணி நேரத்திலும், ஐந்து விழுக்காடு ஐந்தாறு நாளிலும், இரண்டு விழுக்காடு இரண்டு மூன்று மாதத்திலும் உறைந்தன. ஒரு விழுக்காட்டுக் கரைசலோ ஈராண்டு கடந்தும் உறையவில்லை. அத்தனை காலமும் கிரகாம் பொறுமையாகக் கவனித்துக் குறித்துவைத்தார். 1864இல் நீர்ம நிலைக்குச் சோல் என்றும் உறைந்த நிலைக்கு ஜெல் என்றும் பெயர் சூட்டினார்.

கிரகாம் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மறைந்தார். தம் உழைப்பின் முழுப் பயனையும் அவர் காணவில்லை. 1943இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், செல்லோபேன் குழாயின் வழியே இரத்தத்தைச் செலுத்திக் கழிவை நீக்கும் செயற்கைச் சிறுநீரகத்தைப் பயன்படுத்தினார். 1968இல் வெர்னர் ஸ்டோபர் குழுவினர் சிலிக்கான் சேர்மத்தை ஆல்கஹால், நீர், அம்மோனியா ஆகியவற்றுடன் கலந்து, ஒரே அளவான சிலிக்கா உருண்டைகளை உருவாக்கினர். சோல்-ஜெல் எனப்படும் இத்தகைய முறையில் இன்று சிலிக்கா நானோ துகள்கள் செய்யப்படுகின்றன. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு.

தந்தை தடுத்தும் தளராத ஒரு மாணவரின் ஆர்வம், பல தலைமுறை கடந்து நோயாளிகளின் உயிரைக் காக்க வழிவகுத்தது. எளிய பொருளையும் ஊன்றி நோக்கும் பொறுமையே கிரகாம் விட்டுச்சென்ற செல்வம்.