பெங்களூரில் தமிழ் கற்ற டோனாவூர் அம்மை

கேட்டது கிடைக்கவில்லை என்றால் ஜெபத்தையே விட்டு விடுகிறவர்கள் உண்டு. கேட்டது பல முறை கிடைக்காமல் போன பிறகும், ஜெபத்தைக் கடைசி மூச்சு வரை விடாமல் பிடித்துக் கொண்ட ஒருவர் நமது பெங்களூரில் தங்கித் தமிழ் கற்றார். டோனாவூர் அம்மை என்று திருநெல்வேலிச் சீமையில் அழைக்கப்பட்ட எமி கார்மைக்கேல் அம்மையார்தான் அவர்.

நீலக் கண்

அயர்லாந்தின் வட பகுதியில், மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் 1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி எமி பிறந்தார். வீட்டில் ஏழு குழந்தைகள். இவரே மூத்தவர்.

தனது பழுப்பு நிறக் கண்கள் சிறுமி எமிக்குப் பிடிக்கவில்லை. நீல நிறக் கண்கள் வேண்டும் என்று ஓர் இரவு கடவுளிடம் கேட்டு விட்டுப் படுத்தார். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் ஓடினார். கண்கள் பழுப்பாகவே இருந்தன. அழுகை வந்தது. இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்ற பாடத்தை அன்று அவர் கற்றுக் கொண்டார். அந்தப் பாடம் பிற்காலத்தில் அவருக்குப் பலமுறை தேவைப்பட்டது.

1885-ல் தந்தை இறந்தார். பெல்பாஸ்ட் நகர ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே எமி தொண்டு செய்தார். 1893-ல் ஜப்பானுக்கு ஊழியத்துக்குப் போனார். அங்கே உடல்நலம் கெட்டது. மறு ஆண்டே, போன காரியம் பாதியில் நிற்க, ஊர் திரும்பினார்.

பெங்களூர் வாழ்க்கை

ஆனாலும் அவர் சோர்ந்து உட்கார்ந்து விடவில்லை. ஜெனானா மிஷன் ஊழியராக 1895 நவம்பரில் பெங்களூர் வந்து சேர்ந்தார். இங்கேயும் சோதனைதான். வந்த உடனேயே டெங்கு காய்ச்சலில் படுத்தார்.

அந்நாளில் ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்த கண்டோன்மெண்டில் தமிழர்கள் ஏராளமாகக் குடியிருந்தனர். எனவே எமி கற்கத் தொடங்கிய மொழி தமிழ். அது எளிதில் வசப்படவில்லை. வெள்ளையர்களின் தேநீர் விருந்துகளிலும் அவர் மனம் ஒட்டவில்லை. ஊழியத்தில் பலன் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தனிமை அவரை வாட்டியது. ஜெபமும் தமிழ்ப் பாடமுமாக நாட்களைத் தள்ளினார்.

நீலகிரியில் சந்தித்த வாக்கர் என்ற போதகர், திருநெல்வேலிக்கு வந்தால் தமிழ் கற்க உதவுவதாகச் சொன்னார். 1896 இறுதியில் எமி அங்கே சென்றார். பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்களுடன் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றினார்.

அடைக்கலம் தேடி வந்த சிறுமி

பெண் குழந்தைகளைக் கோவில்களுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அப்போது இருந்தது. அப்படி ஒப்படைக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி முன்பு தப்பி ஓடிப் பிடிபட்டவள். அவள் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். பிள்ளை பிடிக்கும் வெள்ளைக்காரி என்று எமியைக் காட்டி அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். 1901 மார்ச்சில் அந்தக் குழந்தை மறுபடியும் தப்பி, பண்ணைவிளையில் அந்த வெள்ளைக்காரியையே தேடி வந்து மடியில் ஏறி உட்கார்ந்தது. பிரீனா என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்டவள் அவள்தான்.

அன்று முதல் எமியின் வேலை மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள டோனாவூர், ஆபத்தில் இருந்த குழந்தைகளின் வீடாயிற்று. யாரிடமும் பணம் கேட்பதில்லை, தேவையை ஆண்டவரிடம் மட்டுமே சொல்வது என்பது அந்த வீட்டின் விதி. 1913 அளவில் குழந்தைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டி விட்டது.

அடுத்தடுத்து அடிகள்

பெற்றது போலவே இழந்ததும் அதிகம். 1905 தொடக்கத்தில், உயிராக வளர்த்த இந்திரநீலா என்ற கைக்குழந்தை இறந்தது. 1912-ல் வாக்கர் மறைந்தார். 1913-ல் தாயார் இறந்தார். அதே ஆண்டு புற்றுநோயில் விழுந்த பொன்னம்மாள் 1915-ல் கண் மூடினார். மூன்றே ஆண்டுகளில் மூன்று பேர். பிள்ளைகளை மீட்டதற்காக வழக்குகளும் வந்தன. ஒவ்வொரு முறையும் சுகத்துக்காக ஜெபித்தவர், சுகம் வராத போது தாங்கும் பலத்துக்காக ஜெபித்தார்.

அவற்றை விடப் பெரிய சோதனை 1931-ல் வந்தது. தான் இன்னும் நன்றாகத் தொண்டு செய்ய எது தேவையோ அதைத் தனக்குச் செய்யும்படி அவர் ஒரு நாள் காலையில் ஜெபித்தார். அன்று மாலை, களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், புதிதாகத் தோண்டிய குழியில் இருட்டில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. நெய்யூர் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள்.

சில வாரங்களில் நடப்பார் என்று எண்ணினார்கள். ஊரெல்லாம் ஜெபித்தது. அவர் பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓர் அறையே அவர் உலகமாயிற்று. வலியில் தூக்கம் வராத இரவுகள் பல.

நோயாளியின் எழுத்து

ஆனால் அந்த அறையில் இருந்துதான் பன்னிரண்டுக்கு மேற்பட்ட நூல்களை அவர் எழுதினார். உலகின் பல மூலைகளில் நோயில் கிடந்தவர்கள் அவற்றைப் படித்து ஆறுதல் பெற்றார்கள். ஓடியாடிய காலத்தில் அவரால் நெருங்க முடியாதவர்களை, படுத்த படுக்கையில் இருந்தே அவர் நெருங்கி விட்டார். காலையில் கேட்ட அந்த ஜெபத்துக்கு, இப்படியும் பதில் இருக்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-ல் சென்னை மாகாணம் சட்டத்தால் தடுத்தது. அதை அறிந்து கொள்ளும்வரை அம்மையார் உயிரோடு இருந்தார். நமது கர்நாடகத்தில் அதற்கான தடைச் சட்டம் 1982-ல் வந்தது.

1951 ஜனவரி 18-ந் தேதி, தமது 83-வது வயதில் எமி அம்மையார் மறைந்தார். 1895-ல் வந்தவர் ஒரு முறை கூடத் தாய்நாடு திரும்பவில்லை. அவர் தொடங்கிய டோனாவூர் ஐக்கியம் இன்றும் இயங்குகிறது.

தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லி இருந்தார். எனவே டோனாவூர்த் தோட்டத்தில் அவரைப் புதைத்த இடத்தில், பறவைகள் வந்து நீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்தார்கள். அதில் பொறித்திருப்பது ஒரே ஒரு தமிழ்ச் சொல்: அம்மை.