பிறர் இளைப்பாற உழைத்தவர்

பத்து வயதிலேயே பஞ்சாலைக்குள் நுழைந்த ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். அவரே பிற்காலத்தில் பிரித்தானிய நூற்புத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய ஜோன் டொஹர்ட்டி.

1798ஆம் ஆண்டு அயர்லாந்தின் டொனகோல் பகுதியிற் பிறந்த இக்கத்தோலிக்கர், 1816இல் வேலை தேடி மன்செஸ்டர் நகரை அடைந்தார். அங்கு 1818இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில் பங்குகொண்டமைக்காக ஈராண்டுச் சிறைத்தண்டனை அனுபவித்தார். சிறை அவரது உறுதியைக் குலைக்கவில்லை.

1829இல் ஊதியக் குறைப்பை எதிர்த்து, அவரது தலைமையில் மன்செஸ்டர் நூற்பாளர் ஆறு மாதங்கள் போராடித் தோற்றனர். தனித்து நின்றால் வெல்ல இயலாது என்பதை உணர்ந்த அவர், அவ்வாண்டு டிசெம்பரிலேயே இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து நூற்பாளரின் பிரதிநிதிகளை மான் தீவில் கூட்டி, ஒரே சங்கமாக இணைத்தார். மறு ஆண்டில் பல தொழில்களையும் சேர்ந்தோருக்கான தேசிய சங்கம் ஒன்றையும் அமைத்தார். சில ஆண்டுகளுக்குள் இரண்டும் சிதைந்தன.

அப்போதும் அவர் ஓய்ந்துவிடவில்லை. றொபேர்ட் பிளிங்கோ என்னும் அநாதைச் சிறுவன் ஆலைகளில் அனுபவித்த கொடுமைகளைக் கூறும் வரலாற்றை 1832இல் நூலாக வெளியிட்டார். வேலைநேரத்தைக் குறைக்குமாறு இடைவிடாது குரல் எழுப்பினார். 1847இல், ஆலைகளில் பெண்களும் இளையோரும் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்திற்கு மேல் உழைக்கலாகாது எனச் சட்டம் பிறந்தது. அதனைக் கண்ணாரக் கண்டபின், 1854இல் அவர் மறைந்தார்.

அவர் கட்டிய சங்கங்கள் நிலைக்கவில்லை. அவர் வேண்டிய ஓய்வோ பிறருக்குக் கிடைத்தது. நம் இல்லத்திலும் தொழிலகத்திலும் நமக்காக உழைப்பவர் இன்று இளைப்பாறினாரா? இன்றிரவு உறங்குமுன் இதனைச் சிந்திப்போமா?