இராபர்ட் மெக்கரிசன்

சர் இராபர்ட் மெக்கரிசன் (மார்ச் 15, 1878 – மே 18, 1960) இந்தியாவில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவரும் ஊட்டச்சத்து ஆய்வாளரும் ஆவார். நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில் இவர் தொடங்கிய ஆய்வுக்கூடமே பின்னாளில் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. உணவில் ஏற்படும் குறை, தைராய்டு சுரப்பியையும் அண்ணீரகச் சுரப்பியையும் கண்ணுக்குத் தெரியும் அளவில் மாற்றுகிறது என்பதை விலங்குகளில் ஆய்ந்து காட்டிய முன்னோடிகளில் இவரும் ஒருவர்.

பிறப்பும் கல்வியும்

மெக்கரிசன் வட அயர்லாந்தின் போர்ட்டடவுன் நகரில் பிறந்தார். பெல்பாஸ்டில் மருத்துவம் பயின்று 1900 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1901 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, தம் 23 ஆம் அகவையில் இந்தியாவுக்கு வந்தார். வடமேற்கு எல்லையில் உள்ள சித்ராலில் படைப்பிரிவு மருத்துவராக இருந்தபோது, மூன்று நாள் நீடிக்கும் ஒருவகைக் காய்ச்சலுக்கு மணல் ஈக்களே காரணம் என்று கண்டறிந்தார்.

முன்கழுத்துக் கழலை ஆய்வு

பின்னர் கில்கித் பகுதியில் மருத்துவராகப் பணியாற்றினார். அங்கு காய்ட்டர் எனப்படும் முன்கழுத்துக் கழலை மிகுதியாக இருந்தது. தைராய்டு சுரப்பி பெருத்து வீங்குவதே இந்நோய். ஒரே நீரோட்டத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்திய சிற்றூர்களை இவர் ஆராய்ந்தார். மேட்டில் இருந்த முதல் ஊரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினருக்கு இருந்த கழலை, கடைசி ஊரில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினருக்கு இருந்தது. நீர் கீழே செல்லச் செல்ல மாசு மிகுவதே இதற்குக் காரணம் என்று கருதினார். நீரை வடிகட்டி எடுத்த மண்டியைத் தாமும் தன்னார்வலர்களும் உட்கொண்டு தம் கருத்தைச் சோதித்தார். சிலருக்குத் தைராய்டு வீங்கியது. மண்டியைக் கொதிக்க வைத்து உட்கொண்டவர்களுக்கு வீங்கவில்லை.

இதனால் நுண்ணுயிரே முதன்மைக் காரணி என்ற முடிவுக்கு வந்தார். இம்முடிவு நிலைக்கவில்லை. அயோடின் குறைவே முதன்மைக் காரணம் என்பது பின்னர் உறுதியானது. இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 இல் தொடங்கிய களச்சோதனையில், அயோடின் கலந்த உப்பு வழங்கப்பட்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது.

குன்னூர் ஆய்வுக்கூடம்

முதல் உலகப்போர்க் காலப் பணிக்குப் பின், 1918 இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற புறாக்களை அறுத்து நோக்கியபோது, பெரும்பாலான உறுப்புகள் மெலிந்திருக்க, அண்ணீரகச் சுரப்பிகள் மட்டும் பெருத்திருந்தன. இவை சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சிறு சுரப்பிகள். உயிர்ச்சத்துக் குறைவு நரம்பை மட்டுமன்றி உட்சுரப்பிகளின் அமைப்பையும் மாற்றுகிறது என்று இதிலிருந்து உணர்ந்தார். இம்முடிவுகளை 1921 இல் நூலாக வெளியிட்டார்.

அரசின் செலவுக் குறைப்பினால் 1923 இல் இவ்வாய்வு நிறுத்தப்பட்டது. 1925 இல் மீண்டும் தொடங்கி, 1928 இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்ற பெயரில் முழு நிறுவனமானது. மெக்கரிசன் அதன் முதல் இயக்குநரானார். இந்தியாவின் பல்வேறு பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவர் செய்த ஒப்பீடு புகழ்பெற்றது. கோதுமை, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரியாக 235 கிராம் எடையை அடைந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை 155 கிராமே அடைந்தன. கோயம்புத்தூர் வேளாண் வேதியியலாளர் விசுவநாத்துடன் இணைந்து, இயற்கை எருவும் செயற்கை உரமும் தானியத்தின் சத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதையும் ஆராய்ந்தார்.

கழலை உண்டாக்கும் உணவுகள்

முட்டைக்கோசு மிகுதியாகத் தின்ற முயல்களுக்குக் கழலை தோன்றுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1928 இல் அறிவித்தனர். மெக்கரிசன் குன்னூரில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். சோயா அவரை, நிலக்கடலை ஆகியவற்றுக்கும் இத்தன்மை உண்டு என 1933 வாக்கில் எழுதினார். இவை ஆய்வு விலங்குகளுக்குப் பெருமளவில் கொடுத்துக் கண்ட முடிவுகளாகும். போதிய அயோடின் பெறுபவர் இவற்றை அளவோடு உண்பதற்குத் தடையில்லை.

உணவிலுள்ள பொருள் தைராய்டைத் தடுக்கக்கூடும் என்றால், அதையே மருந்தாக்கவும் கூடும். 1943 இல் அமெரிக்க மருத்துவர் எட்வின் அசுட்வுட், தயோயூரியா, தயோயூராசில் ஆகியவற்றைக் கொண்டு தைராய்டு மிகைச் சுரப்பைக் கட்டுப்படுத்தினார். இம்மருந்துகள் தைராய்டு இயக்குநீர் உருவாவதைத் தடுக்கின்றன. அதனால் பிட்யூட்டரி தூண்டப்பட்டுத் தைராய்டு வீங்குகிறது. தயோயூராசில் கொடுக்கப்பட்ட எலிகளில் அண்ணீரகத்தின் புறப்பகுதி சுருங்கியதை பாமன், மரைன் இருவரும் 1945 இல் அறிவித்தனர். சத்துக் குறைவில் பெருத்த அதே சுரப்பி, தைராய்டு தடுப்பு மருந்தினால் சிறுத்தது. ஒரு சுரப்பியைத் தனியே வைத்து நோயை விளக்க இயலாது என்பதற்கு இவ்விரு முடிவுகளும் சான்றாகும்.

பிற்காலம்

மெக்கரிசனுக்கு 1933 இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1935 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அவருக்குப்பின் அய்க்ராய்டு இயக்குநரானார். 1936 இல் இலண்டனில் ஊட்டச்சத்தும் நாட்டு நலமும் குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பின்னர் ஆக்சுபோர்டில் மருத்துவ மேற்படிப்புப் பணியில் ஈடுபட்டு, அங்கேயே 1960 இல் காலமானார். குன்னூர் ஆய்வுக்கூடம் 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. கழலைக்கான காரணத்தை அவர் தவறாகக் கணித்தபோதிலும், உணவும் உட்சுரப்பிகளும் பிணைந்தவை என்ற அவரது அடிப்படைக் கருத்து இன்றும் ஏற்கப்படுகிறது.