இமாம் கஸ்ஸாலி (ரஹ்) காட்டிய ஆறு உண்மைகள்

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450-ல், அதாவது கி.பி. 1058-ல், குராஸானிலுள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். நிஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதித் தேறினார்கள். மந்திரி நிஜாமுல் முல்க் 1091-ல் அன்னாரைப் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் ஆசிரியராக நியமித்தார்.

மன்திக் எனும் தர்க்கக் கலையை மார்க்கக் கல்வியோடு இணைத்த பெருமை அன்னாருக்கு உண்டு. எது உண்மை என்று ஆராயுமுன், உண்மை பொய் என்ற பேச்சு எதற்குப் பொருந்தும் என்று அக்கலை கேட்கும். நம் கெப்பாலா பத்தாஸ் கடைத்தெருவையே எடுத்துக் கொள்வோம். ‘அரிசி’ என்பது வெறும் சொல். அதில் மெய்யுமில்லை, பொய்யுமில்லை. ‘என்ன விலை?’ என்பது கேள்வி. ‘வாங்கிக் கொள்ளுங்கள்’ என்பது வேண்டுகோள். ‘இது புது அறுவடை அரிசி’ என்று ஒரு செய்தியைச் சொன்னால்தான் அது மெய்யாகவோ பொய்யாகவோ ஆகும். அரிஸ்டாட்டில் தொடங்கி, பாராபி, இப்னு ஸீனா வழியாக வந்த இப்பாடத்தை இமாமவர்களும் ‘மிஃயாருல் இல்ம்’ என்ற நூலில் போதித்தார்கள்.

ஆனால் 1095-ல் அன்னாரின் வாழ்வே வேறொரு பாடத்தைக் கற்பித்தது. முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வந்த இமாமவர்கள் தம் உள்ளத்தைச் சோதித்தார்கள். சொல்லும் பாடம் உண்மை. சொல்லும் நோக்கமோ புகழும் பதவியும் எனக் கண்டார்கள். நாவு எழவில்லை, உணவும் இறங்கவில்லை. பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதை மட்டும் ஒதுக்கி, மற்றச் செல்வத்தைப் பங்கிட்டுவிட்டுப் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். டமாஸ்கஸ், பைத்துல் முகத்தஸ், மக்கா, மதீனா எனப் பயணம் தொடர்ந்தது.

அக்காலத்தில் எழுதிய ‘இஹ்யா’வில் உண்மைக்கு ஆறு இடங்களைக் காட்டினார்கள்: சொல், நிய்யத், உறுதி கொள்ளல், கொண்ட உறுதியை நிறைவேற்றல், செயல், மார்க்கத்தின் படித்தரங்கள். ஆறும் நிறைந்தவரே ஸித்தீக். நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் தூதர் என்று முனாபிக்குகள் சாட்சி சொன்னார்கள். சொன்ன செய்தி மெய்தான். ஆயினும் அவர்கள் பொய்யர்கள் என்று அல்லாஹ் அறிவித்தான். பொய் நாவில் இல்லை, நெஞ்சில் இருந்தது.

இதற்காக இமாமவர்கள் தர்க்கத்தைக் கைவிடவில்லை. 1109-ல் முடித்த ‘முஸ்தஸ்ஃபா’வின் முகப்பிலும் அதையே வைத்தார்கள். 1111-ல் தூஸ் நகரிலேயே வபாத்தானார்கள்.

வர்த்தகர்களாகிய நமக்கு இதில் பெரும் படிப்பினை உண்டு. சரக்கில் இல்லாத குணத்தைப் புகழாதே, உள்ள குறையை மறைக்காதே, எடையைக் குறைக்காதே என்று அதே ‘இஹ்யா’ நமக்குச் சொல்கிறது. ஒரு பொய்யும் பேசாமலே, மூட்டையின் அடியில் பழைய அரிசியை வைத்து ஏமாற்ற முடியும். அங்கே நாவு தப்பிக்கும், செயல் தப்பாது. நம் சொல்லையும் நிய்யத்தையும் தராசையும் அல்லாஹ் மெய்யாக்கி வைப்பானாக! ஆமீன்.