ஆடம் ஸ்மித்

ஒரு நாட்டின் செல்வம் யாது? கருவூலத்தில் குவிந்து கிடக்கும் பொன்னும் வெள்ளியுமே செல்வம் என்று ஐரோப்பிய நாட்டினர் பலர் ஒரு காலத்தில் கருதினர். அக்கருத்துப் பிழையென விளக்கிய பேரறிஞர் ஆடம் ஸ்மித் ஆவார்.

அவர் ஸ்காத்லாந்து நாட்டில் கர்க்கால்டி என்னும் கடற்கரையூரில் 1723-ஆம் ஆண்டு தோன்றினார். அவர் பிறக்குமுன்பே தந்தையார் காலமானார். அன்னையார் மார்கரெட் அவரைக் கண்ணை இமை காப்பதுபோல் வளர்த்தார். பதினான்காம் வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், 1751-ஆம் ஆண்டில் அங்கேயே பேராசிரியரானார். 1764-இல் பாடம் முற்றுப்பெறுமுன் அப்பதவியை விட்டு நீங்க நேர்ந்தது. அப்பொழுது மாணாக்கர் செலுத்திய கட்டணத்தைத் திருப்பி அளித்தார். அவர்கள் பெற மறுத்தும், வற்புறுத்திப் பெறச் செய்தார்.

பின்னர்ப் பிரான்சு நாடு சென்று மீண்டு, பல்லாண்டு உழைத்து, ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலை 1776-இல் வெளியிட்டார். மக்கள் தம் உழைப்பால் ஆக்கும் பொருள்களே நாட்டின் உண்மைச் செல்வம் என்பது அந்நூலின் கருத்து.

உழைப்பின் பயன் பெருகுவது எங்ஙனம்? இதனை விளக்க அவர் எளிய குண்டூசியை எடுத்துக்கொண்டார். பயிற்சியில்லாத ஒருவர் தனித்து முயன்றால் நாளொன்றுக்கு 20 ஊசிகள் செய்வதும் அரிது. ஆனால் ஒருவர் கம்பியை நீட்ட, ஒருவர் நறுக்க, ஒருவர் கூராக்க, ஒருவர் தலையைப் பொருத்த, இவ்வாறு பத்துப்பேர் வேலையைப் பகுத்துக்கொண்டால் நாளொன்றில் 48,000 ஊசிகள் ஆகும். இதுவே வேலைப் பகுப்பு எனப்படும்.

இதன் நன்மையைக் கண்ட அவர் தீமையையும் மறைத்தாரல்லர். வாழ்நாள் முழுதும் ஒரே சிறு வேலையைச் செய்வோனது அறிவு மழுங்கும் என அஞ்சினார். ஆதலின், ஏழை மக்களின் பிள்ளைகளும் எழுத்தும் கணக்கும் கற்க அரசு வழிசெய்தல் வேண்டும் என வலியுறுத்தினார். பெரும்பாலான மக்கள் வறுமையில் வாடும் நாடு செழித்த நாடு ஆகாது என்பது அவர்தம் உறுதி.

அவர் 1790-ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பொருள் பிறர் எதிர்பார்த்ததினும் குறைவாயிருந்தது. தம் வருவாயில் பெரும்பகுதியை அவர் பிறர் அறியாவண்ணம் வழங்கிவந்தார் என்பது பின்னரே புலனாயிற்று. செல்வத்தின் இயல்பை ஆராய்ந்த அவ்வறிஞர், அதன் பயனையும் நன்குணர்ந்திருந்தார்.