மாயூரம் வேதநாயகம் பிள்ளை

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (அக்டோபர் 11, 1826 - ஜூலை 21, 1889) தமிழின் முதல் புதினத்தை எழுதியவர். ஆங்கில ஆட்சிக் காலத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய இவர் கவிஞராகவும் கீர்த்தனை ஆசிரியராகவும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை, தாய் ஆரோக்கிய மரி. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான தியாகப் பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார்.

நீதித்துறைப் பணி

1857 இல் தரங்கம்பாடியில் முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். பின்னர் சீர்காழியிலும் மாயூரத்திலும் (இன்றைய மயிலாடுதுறை) பணியாற்றினார். மாயூரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தமையால் அவ்வூர்ப் பெயர் இவர் பெயருடன் இணைந்தது.

அக்காலத்தில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. தம் வழக்கு எவ்வாறு முடிவு செய்யப்பட்டது என்பதை அம்மொழி அறியாத வழக்காளிகள் தாமாக அறிய இயலவில்லை. இக்குறையைப் போக்க, 1805 முதல் 1861 வரையான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் மொழிபெயர்த்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் வெளியிட்டார். தமிழ் வழங்கும் நாட்டில் வழக்குகள் தமிழிலேயே நடைபெற வேண்டும் என்னும் கருத்தைத் தம் புதினத்திலும் வலியுறுத்தினார்.

பஞ்சகால உதவி

1876-78 ஆண்டுகளில் தென்னிந்தியாவைத் தாக்கிய தாது வருடப் பஞ்சத்தில் பட்டினியால் வாடியோருக்குத் தம் பொருளைச் செலவிட்டு உணவளித்தார். இக்கொடையைப் போற்றி, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் இவர் மீது கீர்த்தனை பாடினார்.

இலக்கியப் பணி

1859 இல் வெளிவந்த நீதிநூல் அறநெறிகளைச் செய்யுளில் கூறுவது. பெண்மதிமாலை பெண்கல்வியை ஆதரிக்கும் நூல். 1879 இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளியானது. நகைச்சுவை மிகுந்த இப்புதினத்தில் கதைத்தலைவனின் மனைவி ஞானாம்பாள், ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்கிறாள். சுகுணசுந்தரி இவரது இரண்டாவது புதினம். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்னும் தொகுப்பில் எச்சமயத்தவரும் பாடத்தக்க பாடல்கள் உள்ளன. அவற்றுள் சில இன்றும் கருநாடக இசைக் கச்சேரிகளில் பாடப்படுகின்றன.

கிறித்தவராக இருந்தபோதும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருடன் நெருங்கிய நட்புக் கொண்டிருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு குளத்துக்கோவை இயற்றினார்.